ஓர் ஆணிக்கு இரண்டு சுவர்

கண்ணாடிக் கடையின் பின்பக்கம், கறுப்புத் திரைக்கு உள்ளே, ஒரே கேள்வியை ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவருக்குக் கடையில் வைத்த பெயர் இதுவாக்கா. கேள்வி இதுதான்: "இது நல்லாத் தெரியுதா... இல்ல, இதுவா?"

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் கனமான வட்டச் சட்டகம் ஏறியிருக்கும். எதிர்ச் சுவரில் எழுத்துகள் மேல்வரிசையில் யானையாகவும் கீழ்வரிசையில் எறும்பாகவும் நிற்கும். இதுவாக்கா ஒரு வில்லையைச் செருகுவார், எடுப்பார், இன்னொன்றைச் செருகுவார். ஊரையே அதட்டும் அதிகாரிகள்கூட அந்த நாற்காலியில் ஏறியதும் பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளைகளாகிவிடுவார்கள். "தப்பாச் சொல்லிட்டேனாம்மா?" என்று கெஞ்சுவார்கள். "உங்க கண்ணு உங்ககிட்டதானே இருக்கு, என்னைக் கேட்டா எப்படி?" என்பார் இதுவாக்கா. பத்தொன்பது வருஷத்தில் ஒருவருக்கும் விடையை எடுத்துக் கொடுத்ததில்லை.

அவருடைய தொழிலில் இரண்டு சூட்சுமங்கள் உண்டு. சந்தேகமான ஆள் என்றால், வில்லையை எடுப்பதுபோல் எடுத்து அதையே மறுபடி செருகுவார். "இப்ப?" என்பார். "ஆஹா, இது பிரமாதம்!" என்று ஆள் சொன்னால், அவர் கண்ணால் பார்க்கவில்லை, வாயால் பார்க்கிறார் என்று அர்த்தம். நூற்றுக்கு எண்பது பேர் வாயால்தான் பார்ப்பார்கள். அடுத்த சூட்சுமம் இன்னும் எளிது. மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஆள் சலித்துப்போய், "ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு" என்பார். அவர் ஏதோ தோற்றுவிட்டதாக நினைத்துச் சொல்வார். ஆனால் அங்கேதான் கண் தன் எண்ணைப் பிடித்திருக்கும். அதற்கு மேல் கையை வைத்தால் கெட்டுப்போகும். இதுவாக்கா விளக்கைப் போட்டுவிடுவார்.

அவருக்குக் கல்யாணம் ஆனதே முதல் சூட்சுமத்தால்தான். பேருந்து ஓட்டுவதற்குக் கண் சான்றிதழ் வாங்க ஒரு வாலிபர் வந்திருந்தார். இதுவாக்கா ஒரே வில்லையை இரண்டு தடவை செருகி, "இதுவா, இதுவா?" என்றார். வாலிபர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாத்தவே இல்லையேங்க நீங்க" என்றார். மூன்றே மாதத்தில் கல்யாணம். பார்வை உள்ள மாப்பிள்ளை கிடைப்பது அவ்வளவு லேசா?

அந்த மாப்பிள்ளை டிரைவருக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. இருவரும் மூன்றாவது வாடகை வீட்டில் இருந்தார்கள். ஆட்கள் இரண்டு, நாற்காலிகள் மூன்று. மூன்றாவது நாற்காலி கடிகாரத்துக்கு.

அது தாம்பாளம் அளவுக்கு வட்டமான சுவர்க் கடிகாரம். பத்து வருஷ வேலைக்காகக் கடை முதலாளி இதுவாக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தது. மூன்று வீட்டுக்காரர்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே நிபந்தனை போட்டார்கள்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஆகவே சுவர்க் கடிகாரம் ஒன்பது வருஷமாகச் சுவரைப் பார்த்ததே இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி வீட்டில் நடப்பதையெல்லாம் மாமனார் மாதிரி கவனித்துக்கொண்டிருந்தது. விருந்தாளி வந்தால் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். மடியில் மணி ஓடுவதால் யாரும் அதிக நேரம் உட்காருவதில்லை. அந்த ஒரு நன்மை இருந்தது.

இதுவாக்காவுக்கு வீடு வேண்டும் என்றால் உண்மையில் ஓர் ஆணி வேண்டும் என்றே பொருள். சொந்தச் சுவர், சொந்தச் சுத்தியல், ஒரே ஓர் ஆணி. சேமிப்பு சேர்ந்தது. வாடகை வீட்டுக்காரரும், "மாசக் கடைசியில வீட்டை இடிக்கப் போறேன்" என்று நல்ல சேதி சொன்னார். பார்த்த இருபது வீடுகளில் பதினெட்டு கழிந்து இரண்டு மிஞ்சின. ஒன்று மேட்டில், இன்னொன்று கரையில். விலை இரண்டுக்கும் ஒன்றே. பணத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. இரு வீட்டுக்காரர்களும் திங்கட்கிழமை காலைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். வாங்குவதற்கு வேறு ஆட்களும் வரிசையில் நின்றார்கள்.

மேடு என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம். செங்குத்தான தெருக்கள், ஒரே உயரத்துக்கு வெட்டிய செடிகள், குரைப்பதற்கு முன் அனுமதி கேட்கும் நாய்கள். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள், ஆனால் எல்லா ஜன்னல் திரையும் அசையும். கரை என்பது இந்தப் பக்கம். ஜன்னலுக்கு ஜன்னல் துணிக்கொடி, நடைபாதையில் சைக்கிள் பழுது பார்ப்பவர், யார் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் தெருவே "நூறு வயசு" என்று வாழ்த்தும்.

மேட்டையும் கரையையும் இணைப்பது ஓர் இரும்புப் பாலம், அதன் மேல் ஒரே ஒரு பேருந்துத் தடம். அந்தத் தடத்தை ஓட்டுபவர் நம் டிரைவர்தான். ஒரு நாளைக்குப் பதினெட்டு நடை. இரண்டு பக்கத்தையும் அவர் நிறுத்தங்களை வைத்து எடை போட்டிருந்தார். "மேட்டுல ஒரே ஒரு ஆள் நின்னாலும் வரிசையில நிப்பாரு. அரை நிமிஷம் லேட்டானா வாட்சைப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாப்பாரு. கரையில ஒருத்தர் வீட்டைப் பூட்டிக்கிட்டே இருப்பாரு. 'இருங்கண்ணே, பூட்டுறாரு'ன்னு முப்பது பேர் வண்டியைப் பிடிச்சு வைப்பாங்க."

இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற பழமொழியைச் சொல்லாத ஆள் அந்த மாதத்தில் கிடையாது. சொன்னவர்கள் எல்லாரும் தாங்களே அதைக் கண்டுபிடித்ததுபோல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதுவாக்கா மேடு என்றார். டிரைவர் கரை என்றார். சண்டை போட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். இவர்களோ அன்பு காட்டினார்கள்.

"மேட்டுல உங்க அக்கா இருக்காங்க. உங்களுக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்ல?"

"அட, எனக்கென்ன? கரையில உன் தங்கச்சி இருக்கா. உனக்குத் துணை வேணாமா?"

"என் சௌகரியத்தைப் பாக்காதீங்க."

"நீதான் என் சௌகரியத்தைப் பாக்குற."

இப்படித் தேன் ஒழுகிக்கொண்டிருந்தது. சேதி இரு பக்கமும் போய்ச் சேர்ந்தது. மேட்டில் இருந்த நாத்தனார், "தம்பி பொண்டாட்டின்னா இவதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரையில் இருந்த தங்கை, "மாமா மாதிரி மனுஷன் உண்டா?" என்று மூக்கைச் சிந்தினாள்.

உண்மை என்னவென்று இதுவாக்காவின் மனசுக்கு மட்டும் தெரியும். தங்கை தங்கமானவள்தான். ஆனால் கதவைத் தட்ட மாட்டாள். காற்று மாதிரி உள்ளே வருவாள், வந்ததும் கை சும்மா இருக்காது. "அக்கா, இதை ஏன் இங்க வச்சிருக்கே?" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் சர்க்கரை டப்பா உப்பு இருந்த இடத்திலும், உப்பு சோப்பு இருந்த இடத்திலும் இருக்கும். ஒருமுறை இதுவாக்கா குளித்துவிட்டு வருவதற்குள் பீரோவையே திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் பக்கத்துத் தெருவில் என்றால், கடிகாரத்துக்கு ஆணி அடிக்கும் இடத்தை அவள்தான் சொல்வாள். ஒன்பது வருஷம் காத்திருந்த ஆணி! ஆகவே நடுவில் ஓர் ஆறு ஓடட்டும் என்று இதுவாக்கா விரும்பினார். இதை வெளியே சொல்ல முடியுமா? "உங்க அக்கா பக்கத்துல இருந்தா நல்லது" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு அழகான பொய்! பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை ஒரு முடிவும் இல்லை. அப்போதுதான் இதுவாக்காவுக்குத் தொழில் புத்தி வேலை செய்தது.

"நாம தப்பாப் பாக்குறோம். போன வாரம் ஒண்ணு, இந்த வாரம் ஒண்ணுன்னு பாத்தா கண்ணுக்கு மறந்துடும். வில்லையை மாத்துற வேகத்துல மாத்தணும். நாளைக்கு ஒரே நாள். மேடு, கரை, மேடு, கரை. பாத்துக்கிட்டே இருப்போம்."

"நாளைக்கு எனக்கு லீவு!" என்றார் டிரைவர். "லீவு நாள்லயும் என் ரூட்லயேவா?"

"நாளைக்கு ஒரு நாளாவது உக்காந்துட்டு வாங்களேன்."

ஞாயிறு காலை முதல் நடை. மேட்டு நிறுத்தத்தில் இறங்கி, செங்குத்தில் ஏறி, வீட்டின் எதிரில் பத்து மூச்சு நின்று, ஓடி வந்து அதே பேருந்தைப் பிடித்தார்கள். பாலத்தின் இரும்பு இணைப்புகள் தடக் தடக் என்றன. கரையில் இறங்கினார்கள். அங்கே மூன்று அறைகள் ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நின்ற வீட்டின் எதிரில் பத்து மூச்சு. திரும்ப ஓட்டம்.

"இதுவா?"

"இதுதான்."

தடக் தடக்.

"இதுவா?"

"இதுவும்தான்."

கண்டக்டர் மூன்றாம் நடையில் பொறுமை இழந்தார். "என்னண்ணே, அண்ணியக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்துறீங்கன்னு பாத்தா, ஒரே பாலத்தையே சுத்துறீங்க? எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"வீடு பாக்குறோம்" என்றார் டிரைவர்.

"ஓடுற வண்டியிலயா?"

விஷயம் தெரிந்ததும் பேருந்து இரண்டாகப் பிரிந்தது. மேட்டில் ஏறியவர்கள் கரைக்கு ஓட்டுப் போட்டார்கள், கரையில் ஏறியவர்கள் மேட்டுக்கு. சொந்தப் பேட்டைக்கு ஆதரவாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின் வரிசையிலிருந்து தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"நீங்க அந்தக் கண்ணாடிக் கடை அம்மாதானே? என்னை ஒரு மணி நேரம் நாற்காலியில வச்சு 'இதுவா, இதுவா'ன்னு தலை சுத்த வச்சீங்களே! கடவுள் இருக்காரும்மா" என்று இதுவாக்காவின் எதிர் இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டார். இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது. அவர் இறங்குவதாக இல்லை.

மேட்டு நிறுத்தத்தில் நாத்தனார் நின்றிருந்தார். தம்பி லீவு என்பது தெரியாமல் வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவோடு வந்திருந்தார். ஓட்டுநர் இருக்கையில் வேறு ஆளைப் பார்த்துத் திகைத்து, பிறகு ஜன்னலோரம் தம்பியைக் கண்டுபிடித்தார்.

"ஏன்டா தம்பி, வேர்த்துக் கொட்டுதே! இங்க வா" என்று கைக்குட்டையை எடுத்து, ஐம்பது பேர் பார்க்க, நாற்பத்தெட்டு வயது முகத்தை அழுத்தித் துடைத்தார். "மூக்கைச் சிந்து. வெயில்ல அலைஞ்சா அப்படித்தான்."

"அக்கா... வண்டி கிளம்புது..."

"கிளம்பட்டும். சிந்து."

டிரைவர் சிந்தினார். பேருந்து காத்திருந்தது. இதுவாக்கா பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். கணவரின் காது சிவந்திருந்ததை அவர் பூரிப்பு என்று எடுத்துக்கொண்டார். கண் பரிசோதகர்தான், ஆனால் காதுக்கு அவர் படிக்கவில்லையே.

ஆறாம் நடை முடிந்தபோது மதியம் இரண்டு மணி. கரை நிறுத்தத்தில் இதுவாக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடு எது, கரை எது என்று தலைக்குள் எல்லாம் தட்டாமாலை சுற்றியது. இருந்தாலும் வாய் மட்டும், "மேடுதான். அந்தக் காத்து இங்க வராது" என்றது.

டிரைவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சான்றிதழ் வாங்க வந்த அன்று பார்த்தாரே, அதே பார்வை.

"நீ இடத்தைப் பாக்கல. போர்டைப் பாத்து மார்க் போடுற. கண்ணைக் கட்டிக்கிட்டுப் பாத்துச் சொல்லு பாக்கலாம்."

"ஓ, எனக்கே டெஸ்ட்டா? கட்டுங்க!"

கைக்குட்டையால் கட்டினார். பேருந்தில் ஏற்றி உட்கார வைத்தார். வண்டி கிளம்பியது, திரும்பியது, தடக் தடக் என்றது. "பாலம்!" என்றார் இதுவாக்கா. வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. "மேடு ஏறுது, இதுகூடத் தெரியாதா எனக்கு?" பேருந்து முழுக்க ஒரு மாதிரி இருமல் கிளம்பியது. பெரியவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

டிரைவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. பாலம் என்றதும் மேடு என்றதும் அந்த அம்மாதான். மதியம் இரண்டு மணிக்கு வண்டி ஆள் மாற்றுவதற்காகக் கரையிலேயே இருக்கும் பணிமனைக்குள் போகும். நுழையும்போது கழுவும் குழியின் இரும்புக் கிராதி தடக் தடக் என்னும். பிறகு சிமென்ட் சரிவில் ஏறிப் பின்வாசல் வழியாக வெளியே வரும். பதினெட்டு வருஷமாக அந்தக் கிராதியில் ஏறி இறங்கியவருக்கு அது பாலம் மாதிரியே பேசும் என்பது தெரியாதா?

கையைப் பிடித்து இறக்கினார். ஒரு சந்து வழியாக நடத்தினார். ஞாயிறு மதியம், ஒரு சத்தம் இல்லை. எங்கோ இலை உரசியது. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது.

இதுவாக்கா நின்றார். முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! நான் சொல்லல? என்ன அமைதி! இந்தக் காத்தை அந்தக் கரையில பணம் கொடுத்தாலும் வாங்க முடியுமா? அங்க இருந்தா துணிக்கொடிதான் மூஞ்சியில அடிக்கும். இதுங்க. இதுதான். இங்கதான் என் ஆணி. முடிஞ்சுது, இதுக்கு மேல பேச்சில்ல!"

"கண்ணைத் திற."

கட்டை அவிழ்த்தார். எதிரே ஒரு நீலக் கதவு. பக்கத்துச் சுவரில் ஈரக்கறை, படுத்திருக்கும் பூனை மாதிரி. அதைக் காலையிலிருந்து மூன்று தடவை பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். கரை வீட்டின் பின்வாசல்.

"மாத்தவே இல்லையேம்மா நான்" என்றார் டிரைவர்.

இதுவாக்கா பத்தொன்பது வருஷத்தில் எத்தனை அதிகாரிகளை வாயால் பார்க்க வைத்துச் சிரித்திருப்பார்! இப்போது அத்தனை பேரும் அந்தச் சந்தில் வரிசையாக நின்று சிரிப்பதுபோல் இருந்தது. முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் டிரைவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சரி, ஒத்துக்கறேன்" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "காத்தும் இல்ல, அமைதியும் இல்ல. என் தங்கச்சி. அவ பக்கத்துல இருந்தா என் வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க. அதான் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓடப் பாத்தேன்."

டிரைவர் மெதுவாக நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. இதுவாக்கா பயந்துபோய்க் குனிந்து பார்த்தால், மனிதர் சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி மகளே! நான் எங்க அக்காகிட்டேருந்து இந்தப் பக்கம் ஓடி வரப் பாத்தேன்! ஐம்பது பேர் முன்னாடி மூக்கைச் சிந்துன்னு சொல்றாங்க. ஸ்டாப்ல இறங்குற சின்னப் பசங்க எல்லாம் 'டிரைவர் சார், சிந்திட்டீங்களா'ன்னு கேக்குறானுங்க!"

"அப்ப, 'உன் தங்கச்சி துணை'ன்னீங்களே?"

"நீ மட்டும்? 'உங்க அக்கா ஆறுதல்'!"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. "யாருக்காவது மயக்கமா? தண்ணி வேணுமா?" என்று ஓர் அம்மாள் கேட்டார். அவர் பின்னால் இன்னும் நாலு தலை. கரையின் வழக்கம்.

"இல்லம்மா, வீடு வாங்குறோம்" என்றார் டிரைவர்.

"அதுக்கா இப்படி அழறீங்க?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் டிரைவர் கேட்டார்: "இப்ப என்ன பண்றது? மேட்டுக்குப் போனா எனக்கு அக்கா. இங்க வந்தா உனக்குத் தங்கச்சி."

"நாம மேட்டுல இல்லாமலேயே உங்க அக்கா உங்க மூக்கை விடல. நான் கரையில இல்லாமலேயே அவ பீரோவைத் திருப்பிட்டா. ஏழு நிமிஷப் பாலம்ங்க, அது இவங்களை எல்லாம் தடுக்குமா?" இதுவாக்கா நீலக் கதவைப் பார்த்தார். "அப்ப ரெண்டும் ஒண்ணுதான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது தன் காதில் விழுந்தது. எத்தனை ஆயிரம் பேர் வாயிலிருந்து கேட்ட வார்த்தை!

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று மறுபடி சொன்னார், இப்போது மெதுவாக. "அப்ப நம்பர் வந்துடுச்சு. இதுக்கு மேல திருப்பக் கூடாது. எந்த வில்லை சட்டகத்துல இருக்கோ, அதுதான்."

"எது இருக்கு?"

இதுவாக்கா கையை நீட்டி ஈரப்பூனையின் முதுகைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக். மெத்தென்ற பழைய சுண்ணாம்புச் சுவர். ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். முன்வாசலுக்குச் சுற்றிப் போகக்கூடப் பொறுமை இல்லை. நீலக் கதவையே தட்டினார்.

மாதக் கடைசியில் குடி வந்தார்கள். லாரியிலிருந்து முதலில் இறங்கியது கடிகாரம், டிரைவரின் கையில். மற்ற சாமான்கள் தெருவிலேயே நிற்க, இதுவாக்கா நடு அறைக்குள் போய், சுவரில் விரலால் தொட்டு, ஆணியை வைத்து, சுத்தியலால் மூன்றே அடி. அண்டை வீடுகள் எல்லாம் அந்த மூன்று அடியைக் கேட்டன. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கடிகாரம் ஏறி உட்கார்ந்தது. காலியான மூன்றாவது நாற்காலியில் டிரைவர் உட்கார்ந்து பார்த்து, "என்னமோ நம்ம வீட்டுப் பெரியவர் மாடிக்குப் போன மாதிரி இருக்கு" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தட்டவில்லை.

"வந்துட்டீங்களா அக்கா!" தங்கை செருப்பைக் கழற்றுவதற்குள் சுவரைப் பார்த்துவிட்டாள். தலையைச் சாய்த்தாள். ஒரு கண்ணை மூடினாள். "அக்கா... கொஞ்சம் சாஞ்சிருக்கே?"

டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

இதுவாக்கா ஸ்டூலில் ஏறினார். கடிகாரத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். பத்தொன்பது வருஷத் தொழில் பக்குவத்தோடு தோளை மட்டும் லேசாக அசைத்தார். கடிகாரம் மயிரிழைகூட நகரவில்லை.

"இது நல்லா இருக்கா... இல்ல, இதுவா?"

"ஆங்!" என்றாள் தங்கை, மன நிறைவோடு. "இப்பதான் நேரா இருக்கு. நான் வரலைன்னா இப்படியே விட்டிருப்பே!"